“மருந்து தானே டீச்சர்?”

இது நீளமான பதிவு. பொடியன்மார் இருக்கிற வீட்டுக்காரர்கள், முக்கியமாக நம்முடைய களப்புக் கரைப் பக்கம் இருக்கிறவர்கள், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். எங்கள் வீட்டுக் கதையும் இதில் வருகிறது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சென்ற வருடம் 11ஆம் தரத்து வரலாறு பாடத்தில் நடந்தது. கடைசி வரிசையில் ஒரு பொடியன் மேசையில் தலை வைத்துக் கிடந்தான். காய்ச்சலோ என்று கிட்டப்போய்ப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது, வாய் உலர்ந்திருந்தது, காரணமில்லாமல் சிரித்தான். கையில் கடதாசியில் சுற்றிய கபில நிற உருண்டை. எள்ளுருண்டை மாதிரி இருந்தது, ஆனால் மணம் வேறு. மதன மோதகம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஆயுர்வேதத்தில் உள்ள ஒரு பழைய மருந்து. கஞ்சா இலை சேர்த்துச் செய்வது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பாடசாலைகளுக்குப் பக்கத்துக் கடைகளில் களவாக விற்று, பொலிஸ் பிடித்த செய்திகள் எத்தனையோ தடவை வந்திருக்கின்றன. தொப்பி போட்ட, ஐந்து நேரம் தொழுகிற நம்முடைய பொடியன்மார் சாராயத்தைத் தொடமாட்டார்கள். இதை மிட்டாய் மாதிரி வாயில் போடுவார்கள்.

வெளியே கூப்பிட்டு வைத்துக் கேட்டேன். அவன் பயப்படவில்லை. “மருந்து தானே டீச்சர்? ஆயுர்வேதத்தில இருக்கு, யூனானியில இருக்கு. சீனாவில 5000 வருஷத்துக்கு முந்தியே ஒரு ராசா எழுதி வெச்சிருக்காரு. நீங்க ஹிஸ்ட்ரி டீச்சர், உங்களுக்குத் தெரியாதா?” என்றான். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான்.

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன், போதைப்பொருள் பற்றிய கருத்தரங்குகளில் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். “போதை உயிரைக் கொல்லும்” என்று பதாகை எழுதிப் பிள்ளைகளை ஊர்வலமும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சத்தம் போட்டேன். “வாயை மூடு” என்றேன். உருண்டையைப் பிடுங்கிக் கழிவறையில் போட்டேன். பதில் இல்லாத ஆசிரியர் செய்வது அதுதான்.

அன்று வீட்டுக்கு வந்தபோது தம்பி முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தான். எனக்கு நிற்கவே முடியவில்லை. உள்ளே போய் அழுதேன்.

தம்பியின் கதை இது. 2016இல் அவனுக்கு 19 வயது. ஏ.எல். எழுதிவிட்டு வாப்பாவின் போட்டில் போய்வந்து கொண்டிருந்தான். நம்முடைய கடலுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கற்பிட்டியிலிருந்து முந்தல் வரைக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பீடி இலை வரும். 2020இல் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது மஞ்சளும் வந்தது. மஞ்சள் மூட்டையோடு ஆள் பிடிபட்ட செய்தியைப் பார்த்து நாடே சிரித்தது. இதற்கெல்லாம் முந்தியிருந்தே வருவது கேரள கஞ்சா. பேர்தான் கேரளா, பெரும்பகுதி விளைவது ஆந்திரா - ஒடிசா எல்லை மலைகளில். அங்கிருந்து இராமேஸ்வரம் பக்கக் கரைக்கு வந்து, கடல் தாண்டி மன்னார், கற்பிட்டி, யாழ்ப்பாணம் என்று இறங்குகிறது. தம்பி போனில் “கே.ஜி.” என்று பேசுவதைக் கேட்டு, மீன் கிலோக் கணக்குப் பேசுகிறான் என்று நான் நினைத்திருந்தேன். கேரள கஞ்சாவுக்கு அதுதான் குறிச்சொல்லாம். ஒரு வருடத்துக்குப் பிறகுதான் விளங்கியது.

ஆறேழு மாதத்தில் ஆள் மாறினான். இரவில் தூக்கமில்லை. குளிப்பதில்லை. யாரோ கூரை மேல் நடக்கிறார்கள் என்றான். பிறகு, கிணற்றடியில் ஒரு ஆள் நிற்கிறார், உயரமான ஆள், முகமில்லை என்றான். ஒரு நாள் சுபஹுக்கு முன் உடுத்த சாரத்தோடு வீட்டை விட்டு ஓடி, நுரைச்சோலைப் பக்கம் தோட்டமொன்றில் பீட்ரூட் பாத்திக்குள் படுத்துக் கிடந்ததை ஆட்கள் கண்டு கூட்டிவந்தார்கள்.

ஜின் பிடித்துவிட்டது என்று வீட்டில் முடிவு செய்தோம். “செய்தோம்” என்று நானும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், நான் அப்போதே ஆசிரியை. ஒருவரைக் கூட்டி வந்து ஓதிப் பார்த்தோம். தண்ணீர், எண்ணெய், தாயத்து, இன்னொரு ஊர், இன்னொருவர். உம்மாவின் இரண்டு காப்பும் போயின. எட்டு மாதம். ஒருவர் பிரம்பால் அடித்தார். அடியின் தழும்பு இன்னும் முதுகில் இருக்கிறது. ஓதுவதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. நானும் தினமும் ஆயத்துல் குர்ஸி ஓதித்தான் படுக்கிறேன். ஓதிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கலாம். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை, என்னை.

கடைசியில் மாமா ஒருவர் வற்புறுத்தி அரசாங்க ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். டொக்டர் முதலில் கேட்டதே “கஞ்சா பாவிப்பாரா?” என்றுதான். எட்டு மாதமாக ஒருவரும் கேட்காத கேள்வி. மருந்து தொடங்கி ஆறாவது கிழமை தம்பி “ராத்தா, பசிக்குது” என்றான். அன்று உம்மா நோன்பு நேர்ந்தா.

இதையெல்லாம் ஊருக்கு மறைத்தோம். கொழும்பில் வேலை என்று சொன்னோம். அதனால்தான் வகுப்பில் அந்தப் பொடியன் கேட்டபோது என் வாய் அடைத்தது. பதில் தெரியாதது பாதிக் காரணம். தெரிந்ததைச் சொல்ல வெட்கம், அது மறு பாதி.

அவன் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. வாசிக்கத் தொடங்கினேன்.

சீனாவின் அந்த “ராசா” பெயர் ஷென்னொங். விவசாயத்தையும் மூலிகையையும் மனிதருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று சீனர்கள் நம்பும் புராண மனிதர். 5000 வருடம் என்பது அந்தக் கதையின் கணக்கு. அவர் பெயரில் உள்ள மூலிகை நூல் தொகுக்கப்பட்டது ஹான் அரச காலத்தில், ஏறத்தாழ 2000 வருடத்துக்கு முன். அதன் மூலப் பிரதியும் இல்லை. பின்னால் வந்த நூல்கள் எடுத்தெழுதிய பகுதிகளிலிருந்து மீட்டது. 365 மருந்துகள், மூன்று தரம். அதில் கஞ்சாச் செடியும் இருக்கிறது, மேல் தரத்திலேயே இருக்கிறது. இதுவரைக்கும் பொடியன் சொன்னது சரி.

ஆனால் வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த நூல் செடியை இரண்டாகப் பிரிக்கிறது. விதை வேறு, பூங்கொத்து வேறு. விதை இனிப்பு, சூடுமில்லை குளிருமில்லை, உடம்புக்குப் போஷாக்கு. பூங்கொத்தைப் பற்றி வருகிற இடத்தில், அதிகமாகத் தின்றால் மனிதன் பேய்களைக் காண்பான், பைத்தியம் பிடித்தவன் போல ஓடுவான் என்று பொருள்படும் எச்சரிக்கை இருக்கிறது.

நான் அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். கிணற்றடியில் முகமில்லாத ஆள். பீட்ரூட் பாத்தி. 2000 வருடத்துக்கு முன் சீனாவில் ஒருவர் என் தம்பியைப் பார்த்து எழுதினாரோ என்று இருந்தது. நாம் எட்டு மாதம் தேடின ஜின்னின் பெயர் அங்கே எழுதிக் கிடந்திருக்கிறது. (முழுமைக்காக: நீண்ட நாள் எடுத்தால் ஆவிகளோடு பேசலாம், உடம்பு இலேசாகும் என்றும் அதே நூலில் உண்டு. அந்தக் காலத்து மந்திரவாதிகளுக்கு அது தேவைப்பட்டிருக்கும். பாமிர் மலையில் 2500 வருடப் பழைய கல்லறைகளில் கஞ்சா எரித்த மரத் தணல் சட்டிகள் கிடைத்ததாக 2019இல் ஆய்வு வெளிவந்தது. சாவுச் சடங்குக்கு, வகுப்பறைக்கு அல்ல.)

சீன வைத்தியத்தில் இன்றைக்கும் அந்தச் செடி மருந்துதான். ஆனால் எது? விதை. “ஹுவோ மா ரென்” என்பார்கள். வயதானவர்களுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் குடல் வறண்டு மலம் இறுகினால் கொடுப்பது. சுமார் 1800 வருடத்துக்கு முன் வாழ்ந்த சாங் சொங்ஜிங் என்ற வைத்தியரின் மாத்திரை முறை இன்னும் பாவனையில் இருக்கிறது. ஆக, சீனா 5000 வருடமாகப் பாவிக்கிறது என்று நம்முடைய பொடியன்மார் பெருமையாகச் சொல்கிற மருந்து, மூத்தம்மாமாருக்குக் கொடுக்கிற மலச்சிக்கல் மருந்து! இதைப் பிறகு அவனிடம் சொன்னபோது அவனே சிரித்துவிட்டான்.

பூ, இலையைப் பற்றி இக்காலச் சீன வைத்தியர்கள் சிலர் தங்கள் முறையில் விளக்குவது எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் கணக்கில் மனது, அதாவது “ஷென்”, இருதயத்தில் குடியிருக்கிறது. கவலையில் ஈரலின் ஓட்டம் அடைபட்டுக் கிடக்கும். புகை அந்த அடைப்பைச் சட்டென்று தளர்த்தும், அதனால் முதலில் சுகம். நாள் போகப்போக உடம்பின் ஈரத்தை, குளிர்ச்சியைத் தின்றுவிடும். சளி திரண்டு இருதயத்தின் வாசலை மூடும். வீட்டுக்காரன் உள்ளே, கதவு வெளியே பூட்டு. ஈரலும் சளியும் விஞ்ஞானப்படி அப்படி வேலை செய்கின்றன என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் முதலில் சுகம், பிறகு சோம்பல், பிறகு மனம் கலங்குதல் என்ற அந்த வரிசை இருக்கிறதே, அதை நான் கண்ணால் கண்டேன்.

யூனானியில் என்ன இருக்கிறது என்று கேட்க, வாப்பாவோடு ஒரு வயதான ஹக்கீமிடம் போனேன். கொழும்பு சுதேச வைத்தியக் கல்லூரியில் படித்தவர். இப்போது கண் சரியில்லை, ஆனாலும் நாடி பிடிக்கிறார். “இருக்கு மகள், இல்லையென்று சொல்லக் கூடாது” என்றார். மஃஜூன் ஃபலக்சைர் என்று ஒரு லேகியம், அதில் கஞ்சா இலை உண்டு. “பேரைப் பாருங்க. ஃபலக் என்றா வானம். வானத்தில உலாத்த வைக்கிறது. பேர் வெச்சவன் எச்சரிச்சுத்தான் வெச்சிருக்கான்” என்று சிரித்தார். கடுமையான வறட்சிக் குணம் உள்ளது, மூளையைக் காயவைக்கும், காய்ந்த இடத்தில் ஸவ்தா, அதாவது கரும்பித்தம், ஏறும். ஸவ்தா ஏறினால் சந்தேகம், பயம், தனியே பேசுதல். “எவ்வளவு, எவருக்கு, எத்தனை நாள், எதைச் சேர்த்து. இந்த நாலும் தெரியாம கொடுக்கிறது மருந்தில்ல” என்றார். ஆயுர்வேதத்திலும் இலையை அப்படியே போடுவதில்லையாம். பலமுறை தண்ணீரில் கழுவி, பாலில் அவித்து, நெய்யில் வறுத்துச் சுத்தி செய்த பிறகுதான் மருந்தில் சேர்ப்பார்கள். கடைக்காரர் களவாக விற்கும் உருண்டைக்கு யார் பாலில் அவித்தது?

அவர்தான் இப்னுல் பைத்தாரைப் பற்றிச் சொன்னார். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்து 1248இல் டமஸ்கஸில் வபாத்தான மூலிகை அறிஞர். எகிப்தில் தோட்டங்களில் “இந்தியக் கஞ்சா” வளர்ப்பதைக் கண்டிருக்கிறார். பக்கீர்மார் அதைத் தின்பதையும், ஒன்றிரண்டு திர்ஹம் எடையே மயக்கும், அதிகமானால் புத்தி கலங்கும், சிலர் அதிலேயே மௌத்தானதும் உண்டு என்பதையும் எழுதியிருக்கிறார். நான் எதிர்பாராதது என்னவென்றால், அவர் ஏசவில்லை. வைத்தியம் எழுதியிருக்கிறார்: வெண்ணெயும் சுடுநீரும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டும், புளிப்பான பானம் கொடுக்க வேண்டும் என்று. 800 வருடத்துக்கு முந்தின ஒரு முஸ்லிம் வைத்தியர் கஞ்சா தின்றவனை நோயாளியாகப் பார்த்திருக்கிறார். நாங்கள் பிரம்பு எடுத்தோம்.

ஹராமா ஹலாலா என்று கொமென்டில் வரப்போகிறவர்களுக்கு: நான் ஆலிமா இல்லை. போதைக்காக எடுப்பது கூடாது என்பதில் இப்னு தைமிய்யா, ஸர்கஷீ போன்ற பெரிய அறிஞர்கள் எழுதியது தெளிவாக இருக்கிறது. ஸர்கஷீ இதற்கென்றே தனி நூல் எழுதினார். அழுகிய கையை வெட்டவேண்டி வந்தால் புத்தியை மறக்கடிக்கும் மருந்து கொடுக்கலாமா என்று நம்முடைய ஷாஃபிஈ இமாம்கள் பேசி, இமாம் நவவி அனுமதித்திருப்பதும் இருக்கிறது. சீனாவில் ஹுவா தோ என்ற வைத்தியர் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்ததாகச் சொல்வார்களே, அதே தேவைதான். அந்த மருந்தின் பெயரில் உள்ள “மா” என்ற எழுத்துக்குச் செடி என்றும் பொருள், மரத்துப்போதல் என்றும் பொருள். வெட்டவேண்டிய கை உள்ளவனுக்குள்ள சலுகையை, 16 வயதில் ஒரு நோயுமில்லாமல் வகுப்பில் இருக்கிறவன் எடுக்க முடியுமா?

விஞ்ஞானத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சுவீடனில் இராணுவத்துக்குச் சேர்ந்த 45,570 இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. 50 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்ததாகச் சொன்னவர்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா வரும் சாத்தியம், பாவிக்காதவர்களைவிட ஆறு மடங்கு. எல்லோருக்கும் வராது. தம்பியோடு புகைத்த மற்ற மூன்று பேரும் சுகமாக இருக்கிறார்கள், ஒருவர் கல்யாணமாகி இரண்டு பிள்ளை. அதுதான் பொடியன்மாரை ஏமாற்றுகிறது. யாருடைய தலை என்று முன்கூட்டித் தெரியாது.

இன்னொரு விசயம், கொஞ்சம் விலகிப் போகிறேன். சமஸ்கிருதத்தில் ஆயுர்வேதக்காரர் கஞ்சாவுக்கு வைத்த பெயர் “விஜயா”, வெற்றி. நுரைச்சோலையில் சீனர்கள் கட்டின 900 மெகாவோட் அனல் மின் நிலையத்தின் பெயர் லக்விஜய. அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் பிள்ளை வளர்க்கிறோம். பெயரில் உள்ள தற்செயல்தான், ஆனால் தெரிந்த நாளிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது.

2025இல் ஏற்றுமதிக்கு மட்டும் என்று மீரிகமவில் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கஞ்சா பயிரிட அனுமதி கொடுத்த செய்தியும் வந்தது. பொடியன்மார் அதையும் கேட்கிறார்கள். “அரசாங்கமே வளர்க்குது” என்கிறார்கள். வேலி போட்டு, அளந்து, மருந்துக் கம்பனிக்கு அனுப்புவது வேறு, நீ கடதாசியில் சுற்றி வைத்திருப்பது வேறு என்று சொல்ல ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கருத்தரங்கில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும். பதாகை பிறகு எழுதலாம்.

அந்தப் பொடியனுக்கு வருகிறேன்.

அதிபரிடம் போனால் விலக்கல் கடிதம் நிச்சயம். விலக்கினால் அவன் போகும் இடம் போட்டுத்தான். அவனுடைய வாப்பாவுக்கு என்ஜின் வாங்கின கடன் இருக்கிறது. ஒரு இரவு பார்சல் இறக்கினால் ஒரு மாதச் சம்பளம் கிடைக்கிற கரையில் அவனை நானே கொண்டுபோய் விடுவது மாதிரி. சொல்லாமல் விட்டாலும் தப்பு. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அவனுடைய உம்மாவை வீட்டுக்கு வரச் சொன்னேன், அவனையும்.

அவர்களுக்கு முன்னால்தான் முதல் தடவையாக வீட்டுக்கு வெளியே ஆட்களிடம் தம்பியின் கதையைச் சொன்னேன். பாதியில் தம்பியே உள்ளே இருந்து வந்தான். நான் கூப்பிடவில்லை. பொடியனுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து சேர்ட்டைத் தூக்கி முதுகைக் காட்டினான். “இது ஜின்னுக்கு அடிச்ச அடி” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொடியன் தலை குனிந்திருந்தான். அவனுடைய உம்மா அழுதா. என் உம்மா உள்ளே இருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அவவும் உட்கார்ந்து அழுதா. நான் சீனா, இப்னுல் பைத்தார் என்று படித்து வைத்ததெல்லாம் அன்று பாதிதான் சொன்னேன். மலச்சிக்கல் கதை மட்டும் கடைசியில் சொன்னேன், எல்லோரும் சிரிக்க வேண்டியிருந்ததால்.

அவன் அதோடு விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான். இல்லை. நான் அதிபரிடம் சொல்லி, அவர் என்னோடு கொஞ்சம் கோபித்து, பிறகு ஆலோசனைக்கு அனுப்ப ஒத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தான். பிறகு ஒரு கிழமை காணவில்லை, திரும்ப வந்தான். ஓ.எல். எழுதினான். இப்போது பின்னேரங்களில் தம்பியோடு களப்பில் இறால் வலைக்குப் போகிறான். போகாத நாளில் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை தூங்காமல், யாரோ பார்க்கிறார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால் ஓதுங்கள், அதே நாளில் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் ஆலோசனைக்கு 1927. அரசாங்க இலக்கங்கள். டொக்டரிடம் கஞ்சா என்ற சொல்லை மறைக்காதீர்கள். நாங்கள் முதல் தடவை மறைத்தோம், அவர் இரண்டாவது தடவை கேட்டதால்தான் சொன்னோம்.

இதைப் போடுவதற்கு முன் தம்பிக்கு வாசிக்கக் கொடுத்தேன். இப்போது அவனுக்கு 29. இரவு மாத்திரை இன்னும் எடுக்கிறான், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இந்தப் பதிவால் அது தடைப்பட்டால் என்ன செய்வது என்று உம்மாவுக்குப் பயம். “தெரிஞ்சுகொண்டு வாறவ வரட்டும்” என்றான். முழுவதையும் வாசித்துவிட்டு ஒரேயொரு திருத்தம் சொன்னான். “பீட்ரூட் இல்ல ராத்தா. வெங்காயப் பாத்தி. மணம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.”

மாற்றவில்லை. ஆட்கள் கண்டது பீட்ரூட் தோட்டம் என்றுதான் வாப்பா சொல்கிறார். இரண்டு பேரும் இன்னும் வாதாடுகிறார்கள்.